துந்திராவிலே தொட்டில், கொழும்பிலே குடியிருப்பு

கொழும்பு மாநகரிலே தமிழர் ஒருவரும் மற்றொருவரும் புதிதாகச் சந்தித்தால், பெயரைக் கேட்ட மறுகணமே கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. 'உங்களுக்கு எந்த ஊர்?' என்பதே அது. வெள்ளவத்தையில் முப்பது ஆண்டுகள் குடியிருந்தவரும் இக்கேள்விக்கு வெள்ளவத்தை என்று விடை கூறுவதில்லை. பருத்தித்துறை என்பார்; காரைநகர் என்பார்; மட்டக்களப்பு என்பார். கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகூடப் பாட்டனாரின் ஊரைச் சொல்லியே பழகியிருக்கும். பிறந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு என்னும் நிலை நம்மவர்க்குப் புதியதன்று.

இதே நிலையிலுள்ள அயலார் ஒருவர் ஆண்டுதோறும் நமது நகரத்துக்கு வந்து, எட்டு மாதம் வரை இங்கேயே தங்கி வாழ்கிறார் என்பதைப் பலர் அறியார். அவர் பிறந்த ஊர் மரமே முளைக்காத வடமுனைச் சமவெளி. அவர் குடியிருப்பதோ நமது கடற்கரைப் புற்றரை. அவர் மனிதர் அல்லர்; உள்ளங்கை இரண்டில் அடங்கிவிடக்கூடிய ஒரு பறவை. பொன்னிற உப்புக்கொத்தி என்பது அதன் பெயர்.

யார் இந்த விருந்தாளி?

உப்புக்கொத்தி என்பது கடற்கரையிலும் உப்பளங்களிலும் ஈரப் புல்வெளிகளிலும் ஓடித் திரியும் ஒரு பறவைக் குடும்பத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர். அக்குடும்பத்திலே பொன்னிற உப்புக்கொத்தி சற்றே பெரியது. அலகின் நுனி முதல் வாலின் நுனி வரை 25 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். எடையோ 130 கிராம் அளவே. குறுகிய அலகும், பெரிய கரிய கண்களும், நீண்ட மெல்லிய கால்களும் உடையது. முதுகிலே கபில நிறத்தின் மீது பொற்பொடி தூவியது போன்ற மஞ்சட் புள்ளிகள் நிறைந்திருக்கும். அப்புள்ளிகளே அதற்குப் பெயர் தந்தன. பறவை நூலார் 1789 ஆம் ஆண்டு முதல் இதனைப் 'புளூவியாலிஸ் புல்வா' என்று ஏட்டில் எழுதி வருகின்றனர். முதற்சொல் மழையோடு தொடர்புடையது. இரண்டாவது சொல் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிப்பது.

இதனை அடையாளம் காண்பதற்கு நிறத்தைவிட நடையே உதவும். பொன்னிற உப்புக்கொத்தி நம் வீட்டுக் கோழியைப் போலக் கிளறித் தின்பதில்லை. விரைந்து ஐந்தாறு அடி ஓடும், சட்டென்று நிற்கும், சிலைபோல் அசையாது நிலத்தை உற்று நோக்கும், பின்னர் உடலைச் சாய்த்து ஒரு கொத்துக் கொத்தும். மறுபடியும் ஓட்டம், நிறுத்தம், கொத்து. மண்புழு, வண்டு, சிறு நத்தை, புழுக்கூடு ஆகியவை இப்படி அதற்கு இரையாகின்றன.

பறப்பதிலும் இக்குலத்தார் வல்லவர். 1951 ஆம் ஆண்டிலே அயர்லாந்து தேசத்தில் வேட்டைக்குச் சென்ற சேர் ஹியூ பீவர் என்பார், இப்பறவையின் ஐரோப்பிய உறவினமொன்றைச் சுட்டுத் தவறவிட்டார். ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் அதிவேகமானது அதுதானா என்று அன்று மாலை ஒரு வாதம் எழுந்தது. விடை கூறும் நூல் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் அத்தகைய நூலொன்றை நாமே வெளியிடுவோம் என்று அவர் எண்ணியதன் பயனாக, 1955 ஆம் ஆண்டில் வெளிவந்ததே உலகெங்கும் பேர்பெற்ற கின்னஸ் சாதனை நூலாகும். நம் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டிக்கு ஆவலோடு படிக்கும் அந்த நூலுக்கு வித்திட்டது, குறி தப்பிய ஓர் உப்புக்கொத்தி!

மரமில்லா நாடு

இப்பறவையின் பிறந்தகத்தை அறிய வேண்டுமானால் தேசப்படத்தின் உச்சிக்குச் செல்ல வேண்டும். ரஷ்யாவின் வட எல்லையில், யமால் குடாநாடு தொடக்கம் கிழக்கே சைபீரியாவின் கரையோரமாகச் சென்று, கடல் கடந்து அலாஸ்காவின் மேற்குப் பகுதி வரை நீண்டு கிடக்கும் நிலமே அதன் பிறந்தகம். துந்திரா என்று புவியியலார் கூறும் நிலம் அது. அங்கே சில அடி ஆழத்தில் மண் என்றும் உறைந்தே கிடக்கிறது. ஆகவே பெருமரங்கள் வேரூன்ற வழியில்லை. பாசியும் கற்பாசியும், முழங்காலுக்கு எட்டாத குறுஞ்செடிகளுமே அந்நிலத்தின் காடு.

ஆண்டில் எட்டு, ஒன்பது மாதம் அங்கே பனியும் இருளும் ஆட்சி செய்கின்றன. ஜூன் மாதத்தில் பனி உருகுகிறது. ஞாயிறு மறையாமல் இரவும் பகலும் வானத்தைச் சுற்றி வருகிறது. உருகிய நீர் கீழே இறங்க வழியின்றிக் குளங்குட்டைகளாகத் தேங்குகிறது. தேங்கிய நீரிலே நுளம்பு பெருகும் என்பதைக் கொழும்புவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நுளம்பும் ஈயும் வண்டும் மேகம் மேகமாய்க் கிளம்புகின்றன. நமக்குத் தொல்லையாகும் இக்கூட்டம், குஞ்சு வளர்க்கும் பறவைக்கு அறுசுவை விருந்து. இவ்விருந்து சில வாரமே கிடைக்கும். அதற்குள் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கச் செய்துவிட வேண்டும். அந்த நெருக்கடியான சில வாரங்களுக்காகவே இப்பறவை பல்லாயிரம் கிலோமீற்றர் பறக்கிறது.

மண்ணே தொட்டில்

மரமில்லாத நாட்டிலே கூடு கட்டுவது எங்ஙனம்? பொன்னிற உப்புக்கொத்தி அதற்கு எளிய வழி கண்டிருக்கிறது. ஈரமில்லாத மேட்டு நிலமாகப் பார்த்து, ஆண்பறவை தன் நெஞ்சினால் மண்ணை அழுத்தி, காலாற் சீய்த்து, சிறு கிண்ணம் போன்ற ஒரு குழியை உண்டாக்குகிறது. அதிலே கற்பாசியும் உலர்ந்த இலையும் சிறிதளவு பரப்பப்படும். கூடு முடிந்தது. சுவருமில்லை, கூரையுமில்லை. பக்கத்திலே நின்று பார்ப்பவர்க்கும் அது கூடு என்று தோன்றாது. அதுவே அதன் காவல்.

அக்குழியிலே பெண்பறவை நான்கு முட்டைகள் இடும். மங்கிய மஞ்சளிலே கரும்புள்ளி தெறித்த அம்முட்டைகள், சுற்றியுள்ள கற்பாசியோடு நிறத்தால் ஒன்றிவிடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு முனை கூர்த்திருக்கும். கூர்முனைகள் நான்கும் நடுவே கூடும்படி அவை அடுக்கப்பட்டிருப்பதால், சிறிய உடலின் சூட்டுக்குள் பெரிய முட்டைகள் நான்கும் அடங்கிவிடுகின்றன. நான்கு முட்டைகளின் எடையையும் கூட்டினால் தாயின் எடையிற் பாதிக்கும் மேலாகும். சில நாட்களுக்குள் இத்தனையையும் தன் உடலிலிருந்து ஈன்று தருகிறாள் அத்தாய்.

அதனாற்போலும் அடைகாக்கும் வேலை இருவர்க்கும் பொதுவாக அமைந்துள்ளது. பெரும்பாலும் பகலில் தந்தையும் இரவில் தாயும் அமர்வர் என்று ஆய்ந்தோர் கூறுவர். ஞாயிறு மறையாத நாட்டில் இரவேது பகலேது என்று வாசகர் கேட்கலாம். வெளிச்சம் குறையாவிடினும் இராப் பொழுதிலே குளிர் மிகும். பறவையும் தன் முறையை மறப்பதில்லை. 25 அல்லது 26 நாள் இவ்வாறு கழியும். ஜூன் 13 ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிற்குக் கொட்டாஞ்சேனை மக்கள் திரண்டு செல்லும் வேளையில், சென்ற சித்திரையில் நமது புற்றரையில் மேய்ந்த பறவை அங்கே உறைபனிக் காற்றில் முட்டைமேல் அமர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியேறும்போதே கண் திறந்தவை. மேனியெங்கும் மென்தூவி போர்த்தவை. தூவி உலர்ந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். புறாக்குஞ்சைப் போலத் தாய் வாயில் ஊட்டும்வரை காத்திருப்பதில்லை. முதல் இரையைத் தாமே கொத்திக்கொள்கின்றன. பெற்றோரின் கடமை காவலும், குளிரில் சிறகுக்குள் அணைத்துக்கொள்வதுமே. ஏறக்குறைய நான்கு வாரத்தில் அவை பறக்கும்.

நரியும் எலியும் நமது கரையும்

சுவரில்லாத வீட்டுக்குப் பகைவர் பலர். வடமுனை நரி மோப்பம் பிடித்து வரும். ஸ்குவா என்னும் கொள்ளைக்காரப் பறவை வானிலிருந்து நோட்டமிடும். பகைவர் நெருங்கினால் பெற்றோர் ஆடும் நாடகம் வியப்புக்குரியது. கூட்டினின்றும் சத்தமின்றி விலகி ஓடி, சிறிது தூரத்தில் ஒரு சிறகைத் தரையில் இழுத்து, ஒடிந்த சிறகுடைய நோயாளியைப் போலத் தள்ளாடும். எளிதாகப் பிடித்துவிடலாம் என்று நரி அதன் பின்னே ஓடும். கூட்டிலிருந்து போதிய தூரம் வந்ததும், நோயாளி நலம் பெற்று வானில் எழுந்துவிடும்.

எல்லா ஆண்டுகளிலும் இந்நாடகம் வெற்றி பெறுவதில்லை. அதற்குக் காரணம் லெமிங் என்னும் ஒருவகை எலி. துந்திராவிலே அந்த எலி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கின்றிப் பெருகும். பின்பு திடீரென அருகிவிடும். எலி மலிந்த ஆண்டில் நரிக்கு வேறு உணவு வேண்டியதில்லை. எலி அருகிய ஆண்டிலோ பசித்த நரிகள் நிலத்துக் கூடுகளைத் தேடி அலைந்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்துவிடுகின்றன. தைமிர் குடாநாட்டில் குஞ்சு பொரித்து மேற்கைரோப்பாவுக்கு வரும் கருவாத்து இனமொன்றிலும், நமது கரைகளுக்கும் வந்து போகும் வளைமூக்கு உள்ளான் இனத்திலும் அறிஞர் இதனை நன்கு கண்டறிந்துள்ளனர். எலி அருகிய ஆண்டை அடுத்து வரும் பருவத்தில், தெற்கே வந்து சேரும் கூட்டங்களிலே இளம்பறவைகள் மிகச் சிலவே காணப்படும். சைபீரியாவிலே எலி குறைந்தால் இந்துமாகடலின் கரையிலே குஞ்சு குறைகிறது. உலகம் எவ்வளவு நெருங்கிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வழிகாட்டி இல்லாத பயணம்

யூலை முடிவதற்குள் துந்திராவின் விருந்து முடிவடையத் தொடங்குகிறது. பெற்றோர் முதலிற் புறப்படுகின்றனர். ஆம், பிள்ளைகளை விட்டுவிட்டே புறப்படுகின்றனர்! இளம்பறவைகள் இன்னும் சில வாரம் தங்கி, உண்டு, கொழுத்து, பின்னர் தாமாகவே கிளம்புகின்றன. முன்னே சென்று வழிகாட்டத் தாயுமில்லை, தந்தையுமில்லை. பிறந்து சில மாதமே ஆன அக்குழவி, ஒருபோதும் கண்டறியாத ஒரு நாட்டை நோக்கி வானில் எழுகிறது. செல்லும் திசை அதன் பிறவியோடு வந்தது. ஞாயிறும் விண்மீன்களும் பூமியின் காந்த ஆற்றலும் பறவைகளுக்குத் திசை காட்டுகின்றன என்பதனை ஆய்வாளர் பலவகைச் சோதனைகளால் நிறுவியுள்ளனர்.

யமால் குடாநாடு ஏறக்குறைய வட அகலக்கோடு 70 பாகையிலே உள்ளது. கொழும்போ 7 பாகையிலே உள்ளது. நேர்கோட்டிலே அளந்தாலும் இடைப்பட்ட தூரம் 7000 கிலோமீற்றர் அளவாகும். பசிபிக் மாகடலிலே இதே இனத்துப் பறவைகள் ஹவாய்த் தீவுகளிலிருந்து அலாஸ்காவுக்கு 4800 கிலோமீற்றர் தூரத்தை, மூன்று நான்கு நாட்களில், எங்கும் இறங்காமல் கடக்கின்றன என்பது அவற்றின் உடலிற் பொருத்திய நுண்கருவிகளால் உறுதியாகியுள்ளது. இடையிலே ஓய்வெடுக்க ஓர் அடி நிலமில்லை. நீரில் மிதக்கவும் இப்பறவைக்கு இயலாது. புறப்படுமுன் உடலிற் சேர்த்துக்கொண்ட கொழுப்பு ஒன்றே கட்டுச்சோறு.

நம் நாட்டுக்கு வரும் பறவைகள் மத்திய ஆசிய வான்வழி எனப்படும் பெரும்பாதையின் தென்கோடிக்கு வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே, தேவேந்திரமுனைக்கு அப்பால், தென்முனைப் பனிக்கண்டம் வரை நிலமே இல்லை. ஆகவே நமது தீவு வழியில் உள்ள தங்குமடம் அன்று. பாதை முடிகின்ற இடம். இப்பாதையின் உண்மையை அண்மைக்காலத்திலே மன்னார் உலகுக்குக் காட்டியது. 2021 ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஒரு கடற்புறாவின் முதுகில் நுண்கருவி பொருத்தி விட்டனர். அதுவும் துந்திராவிலே நிலத்திற் கூடுகட்டும் இனம். அப்பறவை வடமுனைப் பிரதேசம் வரை சென்று, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. மன்னாரின் சேற்றுக்கும் சைபீரியாவின் பனிக்கும் இடையே வரையப்பட்ட கோட்டை, ஆய்வாளர் தம் மேசையிலிருந்தே கண்டனர்.

வடக்கு நோக்கிப் பறக்கும் நாரையைக் கூவி அழைத்துத் தன் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய சத்திமுத்தப் புலவரை நாம் அறிவோம். பறவைகள் திசை மாறிச் செல்லும் வழக்கத்தைத் தமிழர் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். அவை எந்த நாடு வரை செல்கின்றன என்பதே அன்று தெரியாதிருந்தது, இன்று தெரிகிறது.

கொழும்பு வாழ்க்கை

ஆடிவேல் விழாவின் தேர் காலி வீதியிலே உருண்டு சென்று, விழாவின் ஆரவாரம் அடங்கிய சில வாரங்களில் முதற் பறவைகள் வந்து இறங்கும். ஓகஸ்ட் பிற்பகுதியும் செப்ரெம்பரும் அவற்றின் வருகைக் காலம். இளம்பறவைகள் பின்னர் வந்து சேரும். ஏப்ரில் இறுதியிலும் மே மாதத் தொடக்கத்திலும் மீண்டும் வடக்கே புறப்படும். பன்னிரண்டு மாதத்தில் பிறந்த நாட்டுக்கு அவை கொடுப்பது இரண்டரை, மூன்று மாதம். பயணம் போக மீதியெல்லாம் தெற்கு நாடுகளுக்கே.

இங்கே அவை வேண்டுவது காடன்று. குட்டைப் புல் நிறைந்த திறந்த வெளி, ஈரச் சேறு, உப்பங்கழியின் ஓரம் ஆகியவையே. யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளும், மன்னாரும், அம்பாந்தோட்டைப் பக்கத்துப் புந்தலையும் அவற்றுக்குச் சிறந்த மேய்ச்சல் நிலங்கள். புந்தலை 1990 ஆம் ஆண்டிலே இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நகரவாசிகளாகிய நமக்கு அத்தனை தூரம் செல்ல இயலாதெனின் காலிமுகத்திடல் இருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல் தொடங்கி 1859 இல் முடிக்கப்பட்ட அத்திடலைக் கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்க்குமாகப் பேணும்படி பின்வரும் தேசாதிபதிகளுக்குப் பரிந்துரைக்கும் கல்வெட்டு அங்கே உண்டு. வடமுனைப் பறவைக்கும் அதில் ஒரு பங்குண்டு என்பதைக் கல்வெட்டு எழுதியோர் அறிந்திரார்.

இப்பறவைகளிற் சில கூட்டமாக மேயும். சிலவோ ஒரு துண்டு நிலத்தைத் தமதென்று கொண்டு, அதற்குள் வேறொரு பறவை நுழைந்தால் துரத்திவிடும். ஹவாய்த் தீவிலே பஞ்ச்போல் என்னும் இடத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. அதன் புற்றரையில் வாழும் உப்புக்கொத்திகளின் காலில் நிற வளையம் இட்டு, ஒஸ்கார் ஜோன்சன் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒவ்வொரு பறவையும் அலாஸ்காவுக்குச் சென்று மீண்டு வந்து, சென்ற ஆண்டில் தான் மேய்ந்த அதே துண்டு நிலத்திலேயே இறங்கக் கண்டார். கல்லறைகளுக்கு நடுவே உள்ள சில யார் அகலப் புல்லை, நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்து தவறாமல் கண்டுபிடிக்கின்றது அப்பறவை! 21 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பறவையும் ஹவாயில் அறியப்பட்டுள்ளது. ஆயுள் முழுவதும் ஒரே விலாசம்.

சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலே இப்பறவையை உற்று நோக்குபவர் ஒரு புதுமை காண்பர். நாம் புத்தாடை உடுத்தும் அந்நாட்களில் அதுவும் உடை மாற்றிக்கொள்ளுகிறது. வெளுத்திருந்த முகமும் மார்பும் வயிறும் கருமையாகத் தொடங்கும். கருமைக்கும் முதுகின் பொன்னுக்கும் இடையே, நெற்றியிலிருந்து கழுத்தின் பக்கமாக இறங்கும் வெண்பட்டை ஒன்று சால்வைக் கரைபோல் ஒளிரும். அது மணக்கோலம். அதனை முழுதும் தரித்து முடிப்பதற்குள் பறவை நம்மிடம் விடைபெற்றுவிடும். முதலாண்டுக் குஞ்சுகளிற் சில மட்டும் பயணம் போகாது கோடையிலும் தெற்கிலேயே தங்கிவிடுவதுண்டு.

எது சொந்த ஊர்?

ஹவாய்த் தீவின் பழங்குடிகள் இப்பறவையைக் 'கோலியா' என்று அழைப்பர். தம் நாட்டுக்கு மெலிந்து வந்து, உண்டு கொழுத்து, பின் பறந்து போய்விடுகின்ற இப்பறவையின் பெயரை, செல்வம் தேடி வந்து சேர்த்துக்கொண்டு போய்விடும் அந்நியருக்கும் அவர்கள் வசையாக வழங்கினர். அந்நியரைப் பற்றிய அவ்வசையில் நியாயம் இருந்திருக்கலாம். பறவையைப் பற்றிய வரையில் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

வடமுனைக்குப் பறந்து செல்லும் இறகுகளைப் பெரும்பாலும் இங்கே தங்கியிருக்கும் காலத்திலேயே அது புதிதாக முளைப்பித்துக்கொள்கிறது. பயணத்துக்கான கொழுப்பு இங்குள்ள புழுவிலும் நத்தையிலும் இருந்து வந்தது. துந்திராவின் குழியிலே வைக்கப்படும் நான்கு முட்டைகளுக்கு முன்பணம் இந்து மாகடலின் கரையிலே சேர்க்கப்படுகிறது. அங்கே பிறந்த குஞ்சு வழிகாட்டி இல்லாமல் பறந்து வருவதும் இந்தக் கரையை நம்பியே. பிறந்த மண் அதற்கு உயிர் தந்தது. வாழும் மண் அவ்வுயிரை ஆண்டுதோறும் காக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பறவை இல்லை. ஆகவே 'உனக்கு எந்த ஊர்?' என்று இப்பறவையைக் கேட்டால் இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்வதே நேர்மையான விடையாகும். அவ்விடை பறவைக்கு மட்டுமே உரியதென்று நாம் கருதவில்லை.

இரண்டு ஊரிலும் இன்று இடர் உண்டு. வடமுனைப் பிரதேசம் பூமியின் மற்றப் பகுதிகளைவிட விரைவாகச் சூடேறி வருகிறது. பனி முந்தி உருகினால் பூச்சிகளும் முந்திப் பெருகி, குஞ்சு பொரிக்கும் நாளில் விருந்து தீர்ந்துவிடக்கூடும். தைமிர் குடாநாட்டில் பிறக்கும் மற்றோர் உள்ளான் இனத்திலே, பனி முந்தி உருகிய ஆண்டுகளின் குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்ந்தன என்று 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. இத்தீங்கைத் தனியொரு நகரம் தடுத்துவிட முடியாது.

தெற்கில் நேரும் இடரோ மனிதர் கைக்கு உட்பட்டது. 1821 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே நாளில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரருகே 48,000 பொன்னிற உப்புக்கொத்திகள் சுட்டு வீழ்த்தப்பட்டிருக்கும் என்று பறவை ஓவியர் ஓடுபன் கணக்கிட்டு எழுதினார். அவை அமெரிக்கக் கிளை இனத்தவை. பின்னர் 1918 ஆம் ஆண்டிலே அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் எஞ்சியவற்றைக் காத்தது. இன்று துப்பாக்கியைவிட அஞ்சத்தக்கது மண் நிரப்பும் பாரவண்டி. சதுப்பை நிரப்பினால் கட்டடம் எழும். பறவைக்கோ விலாசம் அழியும். ஆயுள் முழுதும் ஒரே துண்டு நிலத்தை நாடி வரும் பறவை, அந்நிலம் மறைந்த பின் எங்கே இறங்கும்?

2018 ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகரம் ராம்சார் ஈரநில நகரம் என்னும் சிறப்பைப் பெற்றது. அவ்வாண்டு முதன்முறையாக அச்சிறப்பைப் பெற்ற 18 நகரங்களுள் தலைநகரம் கொழும்பு ஒன்றே. வெள்ளவத்தையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள பெல்லன்வில - அத்திடிய சதுப்பு 1990 ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகும். பெருமை பெரிது. அப்பெருமைக்கு ஏற்ப எஞ்சிய சதுப்பையும் புற்றரையையும் வைத்திருப்பது நகரத்தாரின் கடன்.

காண விரும்புவோர்க்கு

இப்பறவையைக் காண்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒக்டோபர் முதல் ஏப்ரில் வரையான மாதங்களில், ஞாயிறு காலை கூட்டம் சேருமுன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலிமுகத்திடலுக்குச் செல்லலாம். கொட்டாஞ்சேனையில் உள்ளோர் களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துப் பக்கமும், காக்கைத்தீவுக் கரையும் சென்று பார்க்கலாம். வெள்ளவத்தையார் புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள கற்பாறைகளையும், கால்வாய் கடலில் விழும் இடத்தையும் நோக்கினால், பொன்னிற உப்புக்கொத்தி கிட்டாவிடினும், வாலாட்டி நடக்கும் உள்ளான் போன்ற அதன் சகபயணிகள் கிட்டக்கூடும். மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுது மிகச் சிறந்தது. புழுக்கள் மேலே வரும் வேளை அது.

கண்டால் அருகில் ஓட வேண்டாம். ஓரிடத்தில் அமைதியாக நின்றால் போதும். ஓட்டம், நிறுத்தம், கொத்து என்ற அதன் நடை நம் கண்ணுக்குத் தானே புலப்படும். நாய் துரத்தாதபடி பார்த்துக்கொள்ளுதலும், பிள்ளைகள் கல்லெறியாதபடி தடுத்தலும் பெரியோர் பொறுப்பு. ஒருமுறை வெருட்டி எழுப்பப்படும் பறவை, பயணத்துக்கெனச் சேர்த்த கொழுப்பிலே ஒரு துளியை வீணே செலவிடுகிறது. பல முறை எழுப்பப்பட்டால் அச்செலவு 7000 கிலோமீற்றர் வழியில் எங்கோ ஓரிடத்தில் குறையாக வந்து நிற்கும்.

வீட்டிற்கு ஒரு சிறு கொப்பி வைத்து, எந்த நாள் முதற் பறவையைக் கண்டோம், எந்த நாள் கடைசிப் பறவையைக் கண்டோம் என்று பிள்ளைகள் குறித்து வருவார்களாயின், சில ஆண்டுகளில் அது பயனுள்ள ஏடாகும். ஆய்வாளருக்கும் அத்தகைய குறிப்புகள் உதவும். அடுத்த சித்திரை முடியும் வேளையில், கருமார்பும் வெண்பட்டையுமாக ஒரு பறவை புற்றரையின் நடுவே தனித்து நிற்கக் கண்டால், அது இன்னும் சில நாட்களில் புறப்படப் போகிறது என்று அறிந்துகொள்ளலாம். அதன் புல்லை அது திரும்பி வரும்வரை வைத்திருப்போமாக.